அக்லாயா சித்தியின் இரண்டு மணி நேரம்

இத்தாலிக்குப் போகிற விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும், அங்கிருந்து திரும்பி வர மூன்று மணி நேரம் பிடிக்கும் என்று எங்கள் வலேனி கிராமத்தில் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. பக்கத்து நகரமான சுச்சாவாவில் காலை 9.50-க்குக் கிளம்பினால் இத்தாலியின் போலோஞ்ஞாவில் 10.55-க்கு இறங்கலாம். அங்கே 11.30-க்குக் கிளம்பினால் இங்கே வந்து சேர்வது 2.35-க்கு. கடைக்காரர் இதற்குக் காற்றைக் காரணம் சொன்னார். பாதிரியாரின் மனைவி, போகும்போது எல்லாரும் வெறுங்கையோடு போகிறார்கள், வரும்போது மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், பாரம் இழுக்க நேரமாகாதா என்று கேட்டார்.

நான் நிலம் அளக்கிறவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். எனவே டிக்கெட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். நான் வரைபடத்தை விரித்து, சுச்சாவாவுக்கும் போலோஞ்ஞாவுக்கும் நேர்க்கோட்டில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று அளந்து காட்டினேன். இத்தாலிக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அதனால் போகும்போது ஒரு மணி குறைந்த மாதிரியும் வரும்போது ஒரு மணி கூடின மாதிரியும் தெரிகிறது, உண்மையில் இரண்டு பக்கமும் இரண்டு மணி ஐந்து நிமிடம்தான் என்று பொறுமையாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

அக்லாயா சித்தி இத்தாலியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது இதையே ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டாள்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும். இல்லன்னா முதுகு புண்ணாயிடும். நான் அங்க பாத்துக்கற கிழவிய வலது பக்கமா சாய்ச்சுப் படுக்க வச்சுட்டு நான் விமானம் ஏறினேன்னு வையி, அவள இடது பக்கம் திருப்புற நேரத்துக்கு நான் நம்ம ஊர்ல இறங்கியிருப்பேன். அவ்வளவுதான் தூரம்."

அதற்குப் பிறகு யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. சுச்சாவாவில் சட்டை தைக்கும் ஆலையில் பன்னிரண்டு வருஷம் காலர் வைத்துத் தைத்தவள். ஆலையை மூடினார்கள். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, கொஸ்தாக்கே அண்ணனின் வேனில் ஏறி இத்தாலிக்குப் போனாள். விமானம் வருவதற்கு முந்தைய காலம் அது. கொஸ்தாக்கே எட்டு இருக்கை வேனில் ஆட்களையும் பொட்டலங்களையும் ஏற்றிக்கொண்டு, ஹங்கேரி வழியாக முப்பத்தொரு மணி நேரத்தில் போலோஞ்ஞாவில் கொண்டுபோய் இறக்குவார். வழியெல்லாம் சித்தி மடியில் ஒரு பானையை வைத்துக்கொண்டு போனாளாம். முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டியது. ஒன்றுகூடத் தின்னவில்லை, பானையைத் தரையில் வைக்கவும் இல்லை என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

போலோஞ்ஞாவில் அவளுக்குக் கிடைத்த வேலை சிஞ்ஞோரா இனேஸ் என்ற மூதாட்டியைப் பார்த்துக்கொள்வது. அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அரை நாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓய்வு. நம் பெண்கள் எல்லாருக்கும் அங்கே அதுதான் கணக்கு. வியாழன் மதியம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் போய் நின்றால், எங்கள் மால்டோவாப் பகுதியில் பாதி அங்கே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும். என் கல்லூரிக் காலம் முழுவதும் அந்த வியாழக்கிழமைகளில்தான் எனக்குப் போன் வரும். "படிச்சியா? என்ன படிச்ச? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்." அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்வதற்காகவே நான் இரண்டு முறை படித்திருக்கிறேன்.

நெக்குலாய் சித்தப்பா ஊரிலேயே இருந்தார். இரண்டு மாடு, ஒரு தோட்டம், சமையலறைச் சுவரில் ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரத்தை அவள் இத்தாலிக்குப் போன வாரமே இத்தாலி நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார். தனியாக உட்கார்ந்து மக்காச்சோளக் களி தின்னும்போது நிமிர்ந்து பார்ப்பார். இப்போது அங்கே பன்னிரண்டரை, கிழவிக்குச் சூப் ஊட்டுகிறாள். இப்போது இரண்டு, கிழவி தூங்குகிறாள், கூப்பிடலாம். எங்கள் ஊரில் இப்படி இத்தாலிக் கடிகாரம் மாட்டிய வீடுகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அந்த வீட்டுக்குள் போனால் கடிகாரத்தைப் பார்த்து ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிறகு சுச்சாவாவுக்கு விமானம் வந்தது. கொஸ்தாக்கேயின் வேனில் ஆள் குறைந்தது. அவர் இத்தாலிப் பயணத்தை விட்டுவிட்டு, விமான நிலைய வாசலில் நின்று வருகிறவர்களை ஊருக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார்.

"வானத்துல ரெண்டு மணி நேரமாம்," என்பார் பல்லைக் குத்திக்கொண்டே. "தரையில நான் இல்லன்னா அந்த வானத்த வச்சு என்ன பண்றது?"

ஆனால் விமானம் வந்தும் சித்தி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வந்தாள். ஊருக்கு இது புரியவில்லை. எனக்கே புரியவில்லை. ஒரு வியாழக்கிழமை கேட்டுவிட்டேன்.

"ரெண்டு மணி நேரம்தானே சித்தி. மாசா மாசம் வரலாமே?"

"ரெண்டு மணி நேரம் விமானத்துக்குடா. எனக்கு இருக்கறது அரை வியாழக்கிழமை. அதுல போக முடியும், வர முடியாது."

அளவு என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவன் நான். 

நாற்பத்தைந்து வயதில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அங்கே நோயாளிகளைப் பராமரிக்க அரசு அங்கீகரித்த ஒரு படிப்பு இருக்கிறது. ஆயிரம் மணி நேரம், கடைசியில் தேர்வு. சான்றிதழ் கிடைத்தால் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ முறை வைத்து வேலை. வேலை முடிந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு எடுக்கலாம். நாலு நாள் என்றால் விமானம் உண்மையிலேயே இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

சிஞ்ஞோராவின் மகள் வாரத்தில் மூன்று சாயங்காலம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். சித்தி தன் வியாழன், ஞாயிறு, வருஷ விடுமுறை எல்லாவற்றையும் மருத்துவமனைப் பயிற்சிக்குக் கொடுத்தாள். அந்த இரண்டு வருஷம் ஊர்ப்பக்கமே வரவில்லை. சிஞ்ஞோரா வாய்த்துடுக்கான மனுஷி. "என் நாடிய எத்தன தடவ எண்ணுவ? நேத்து இருந்ததுதான் இன்னைக்கும் இருக்கு" என்று திட்டிக்கொண்டே கையை நீட்டுவாளாம். படுக்கை விரிப்பை ஆள் படுத்திருக்கும்போதே மாற்றுவதற்குப் பழக வேண்டும் என்றால், "செத்த பொணம் மாதிரி கிடக்கவா, உசிரோட கிடக்கவா?" என்று கேட்டுவிட்டுப் படுப்பாளாம்.

வகுப்பில் சித்திக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். அங்கே குடும்பப் பெயரின் அகரவரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். அவள் குடும்பப் பெயர் சஹாரியா. அவர்கள் எழுத்தில் அது Z-இல் தொடங்குகிறது, கடைசி எழுத்து. வருகைப் பதிவில் கடைசி, சீருடை கொடுப்பதில் கடைசி, தடுப்பூசியில் கடைசி. "கல்யாணத்துக்கு முன்னாடி நான் அந்தோனேசி. வரிசையில முதல் ஆளு. உன் சித்தப்பாவக் கட்டிக்கிட்டு கடைசிக்குப் போயிட்டேன்," என்பாள்.

தேர்வுத் தேதி ஒரு மாதத்துக்கு முன்புதான் வந்தது. செப்டம்பர், திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, வலேனியில் ஸ்மராந்தாவின் கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் என் சித்தி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் மணமக்களுக்குப் பக்கத்தில் பெரிய மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவள் ஞானத்தாய்தான். வேறொருத்தியை நிறுத்தினால் அந்தக் குடும்பங்கள் இரண்டும் அப்புறம் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்காது. தேதி ஒரு வருஷத்துக்கு முன்பே குறித்தது.

சித்திக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றை விடச் சொன்னார்கள். இங்கிருந்தவர்கள் தேர்வை விடச் சொன்னார்கள், அங்கிருந்தவர்கள் கல்யாணத்தை விடச் சொன்னார்கள். தேர்வை விட்டால் அடுத்த வருஷம்தான். சிஞ்ஞோராவின் மகள் இன்னொரு வருஷம் சாயங்காலங்களைத் தருவாளா என்பது சந்தேகம்.

"ரெண்டையும் பண்ணுவேன்," என்றாள் சித்தி. "வெள்ளிக்கிழமை விமானம் இருக்கு, திங்கட்கிழமை விமானம் இருக்கு. பத்து அம்பத்தஞ்சுக்கு இறங்கினா ரெண்டு மணிக்கு உக்கார முடியாதா? நீ அளந்து பாத்துச் சொல்லு."

அளந்து பார்த்தேன். முடியும் என்றேன். அதற்கு நான்தான் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து பையைக்கூடக் கீழே வைக்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினாள்.

"திங்கக்கிழம வரைக்கும் இந்த வீட்ல இத்தாலி கிடையாது," என்றாள். "பாத்துக்கிட்டீங்களா எல்லாரும்? இது நம்ம நேரம். யாரும் ஒண்ணக் கூட்டாதீங்க."

சித்தப்பா சிரித்தார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. சித்தி மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்திருந்தாள், கையில் மெழுகு வடிந்தும் மாற்றவில்லை. வட்டமாகக் கைகோத்து ஆடியபோது அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வேண்டுதல் என்று பாதிரியார் நினைத்திருப்பார். படுக்கைப்புண்ணின் நாலு நிலைகள் அவை. எனக்குத் தெரியும். இதற்கிடையில் ஸ்மராந்தாவை வீடியோ எடுத்து எடுத்து அவள் போன் உயிரை விட்டது. விருந்து முடியும் முன்பே, மறுநாள் பயணம் என்று சொல்லிக்கொண்டு அவளும் சித்தப்பாவும் வீட்டுக்குப் போனார்கள். சித்தப்பா பிளம் சாராயத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்தார். காலையில் ஏழு மணிக்குத் தானே எழுப்பிவிடுவதாகவும், எட்டு மணிக்குக் காரை எடுப்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம்.

நான் சுச்சாவாவில் வேலை. திங்கட்கிழமை காலை எட்டரைக்கே போய் விமான நிலையத்தில் நின்றேன். எட்டே முக்கால் ஆனது. ஒன்பது ஆனது. சித்தியின் போன் அணைந்திருந்தது. சித்தப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அது சமையலறை மேசையில் கிடந்து அடித்தது என்று பிறகு தெரிந்தது. ஒன்பது இருபதுக்கு விமானம் ஏறும் வாசலை மூடினார்கள். ஒன்பது நாற்பத்தாறுக்கு அவர்கள் கார் வந்து நின்றது. சித்தி அவசரமே இல்லாமல் இறங்கினாள். தலை வாரி, நல்ல கோட்டுப் போட்டு, கையில் குறிப்பேடு.

"என்னடா மூஞ்சி இது? மணி எட்டே முக்கால்தானே ஆவுது," என்றாள்.

நான் என் போனைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் விமானம் நகர ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பு.

"அந்தக் கடிகாரம்..." என்றார்.

"நான் நம்ம நேரம் வச்சேன். நாற்காலி போட்டு ஏறி வச்சேன்."

"நான்தான் திரும்ப மாத்தினேன். நேத்து வந்ததும்."

"ஏன்?"

அவர் காரின் கதவைச் சாத்தினார். 

"அடுத்த விமானம் எப்போ?" என்று என்னிடம் திரும்பினாள்.

"இங்கேருந்து வெள்ளிக்கிழமைதான்."

"இங்கேருந்துன்னு நான் கேக்கல."

தேடினேன். யாஷ் நகரத்திலிருந்து போலோஞ்ஞாவுக்குப் பன்னிரண்டரைக்கு ஒன்று இருந்தது. அங்கிருந்தும் ஏறக்குறைய அதே இரண்டு மணி நேரம்தான், கொஞ்சம் கூட. இறங்கும்போது இத்தாலியில் ஒன்று நாற்பது. இடம் மூன்று மிச்சம். புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் விற்பனையை மூடிவிடுவார்கள். பத்து நிமிடம் இருந்தது. ஆனால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து யாஷ் நூற்று நாற்பது கிலோமீட்டர், ரோடு முழுக்க லாரி. சித்தப்பாவின் கார் எண்பதைத் தாண்டினால் புகை விடும்.

"வாங்கு," என்றாள்.

"சித்தி, போய்ச் சேர முடியுமான்னு..."

"நீ வாங்கு. சேர்றது என் பாடு."

டிக்கெட் கைக்கு வந்தபோது அவள் வண்டிகள் நிற்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அங்கே கொஸ்தாக்கே தன் வேனில் சாய்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தார். லண்டன் விமானத்துக்காகக் காத்திருந்தார்.

"கொஸ்தாக்கே அண்ணா, பன்னெண்டு மணிக்கு யாஷ் விமான நிலையத்துல இருக்கணும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓடுபாதையைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் பரவியது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"ஆளுக்காகக் காத்திருக்காது அது. நான் உனக்காக அன்னைக்கு ஆராத் எல்லையில ஒரு மணி நேரம் காத்திருந்தேன், ஞாபகம் இருக்கா? நீ கழுவின முகத்த நாலு தடவ கழுவிட்டு வந்த."

"ஏசறதெல்லாம் வண்டியில வச்சு ஏசலாம். கதவத் திற."

லண்டனிலிருந்து வருகிறவர்களை வேறொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். முன்னால் சித்தி, பின்னால் நானும் சித்தப்பாவும். அவள் போனை வேனிலேயே சார்ஜில் போட்டு, டிக்கெட்டை அதற்கு அனுப்பிவைத்தேன். நான் அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். சித்தப்பா மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

என் போன் பெரிய ரோட்டைக் காட்டியது. கொஸ்தாக்கே அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அந்தக் குருட்டுப் பெட்டிய அணை. பெரிய ரோட்ல பாலம் வேல நடக்குது, அதுக்கு யாரும் சொல்லல." போட்டோஷானிக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் இறக்கினார். வாத்துகள் சிதறின. வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே வந்தபோது ஹாரன் அடிக்காமல், பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒதுங்கச் சொன்னார். இருபது வருஷம் இத்தாலிக்கு ஓட்டின மனுஷனுக்கு எந்த ஊரில் எந்த வண்டி எப்போது ரோட்டைக் கடக்கும் என்று தெரிந்திருந்தது.

"ரெண்டு மணி நேரம்னு ஜம்பம் அடிச்சியே," என்றார் அவர். "அந்த ரெண்டு மணி நேரத்துக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் நான் ஓட்டணும்."

"ஓட்டுங்க. ஓட்டிக்கிட்டே என்னக் கேள்வி கேளுங்க," என்று குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். "இல்ல, நீ கேளு. அவரு ரோட்டப் பாக்கட்டும்."

நான் கேட்டேன். அவள் இத்தாலிய மொழியில் பதில் சொன்னாள். விழுங்க முடியாதவருக்கு எப்படி உணவு கொடுப்பது. கை கழுவ வேண்டிய ஐந்து சமயங்கள். காய்ச்சல் எப்போது காய்ச்சல். பள்ளத்தில் வேன் குதித்தபோதுகூட வாக்கியத்தைப் பாதியில் விடவில்லை.

"அசைய முடியாத நோயாளியை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்?"

"ரெண்டு மணி நேரம்," என்றார் சித்தப்பா, நம் மொழியில். வண்டியில் ஏறியதிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

சித்தி திரும்பவில்லை. 

"நெக்குலாய்," என்றாள்.

"ம்."

"ஏன் மாத்தின?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நீ போனப்புறம் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒத்தையா நாற்காலி மேல ஏறி அதத் திருப்பணுமேன்னு இருந்துச்சு. நீ இருக்கும்போதே செஞ்சுட்டா... அப்புறம் வந்து படுத்துட்டேன். சாராயம் வேற, மாத்தினதே மறந்துபோச்சு. காலைல மாட்டுக்குப் புல்லு போட்டுட்டு வந்து உக்காந்து, ஏழு எப்போ ஆகும்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டேன்."

கொஸ்தாக்கே கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஏதோ சொல்லத் தயாரானார். அந்த ஒரு தடவைதான் அவர் ஒரு கேலியை விழுங்கி நான் பார்த்தது.

"அட மனுஷா," என்றாள் சித்தி. அவ்வளவுதான். பிறகு என்னிடம், "அடுத்த கேள்வி," என்றாள்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு யாஷ் விமான நிலைய வாசலில் வேன் நின்றது. சோதனைக்கு நீண்ட வரிசை. சித்தி பையைத் திறந்து, சிஞ்ஞோராவுக்காகக் கட்டிய பிளம் ஜாம் பாட்டிலை எடுத்துச் சித்தப்பாவின் கையில் திணித்தாள். அதை உள்ளே விடமாட்டார்கள். வரிசையின் கடைசி ஆளிடம் போனாள்.

"எனக்கு இன்னைக்குப் பரீட்சை. முன்னால விடுவீங்களா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கா, பிள்ளைக்கா?"

"எனக்கு. நாப்பத்தேழு வயசு. இன்னும் கேள்வி இருந்தா நடந்துக்கிட்டே சொல்றேன்."

அவர் சிரித்து வழிவிட்டார். அவருக்கு முன்னால் நின்ற பெண் விட்டாள். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள், அதே குரலில், கெஞ்சாமல். வரிசை கதவுபோலத் திறந்துகொண்டே போனது. திரும்பிப் பார்த்துக் கை காட்டக்கூட இல்லை. காட்டியிருந்தால் சித்தப்பா அழுதிருப்பார். கையில் ஜாம் பாட்டிலோடு அப்படியே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது அவள் போனில் சொன்னது.

விமானம் ஐந்து நிமிடம் பிந்தி இறங்கியது. நம் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால், அங்கே ஒன்றே முக்கால். காலையில் எங்கள் சமையலறையில் காணாமல்போன ஒரு மணி நேரத்தை இத்தாலி அவள் கையில் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் போதவில்லை. டாக்சி கிடைத்து, சிவப்பு விளக்குகளில் எல்லாம் நின்று, அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறும்போது இரண்டு பதினெட்டு. கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருவராக அடையாள அட்டையைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டு பேர். நாற்பத்தொன்பது பேர் உட்கார்ந்தாயிற்று. எல்லாரும் உட்கார்ந்ததும் கதவைச் சாத்துவார்கள். சாத்தினால் சாத்தியதுதான்.

இரண்டு பெயர் போனது. மூன்றாவதாக, "சஹாரியா, அக்லாயா" என்றார்கள்.

"இருக்கேன்," என்றாளாம் வாசலில் நின்றபடியே. மூச்சு வாங்கியதில் அவளுக்கே அது கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்கிறாள்.

எழுத்துத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் முதல் போன் சித்தப்பாவுக்கு. நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"நெக்குலாய், கேக்குதா? உன் பேரக் கட்டிக்கிட்டதுக்கு இருபத்தி நாலு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம்."

அவர் ஜாம் பாட்டிலை மேசைமேல் அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தார். "உக்காந்தியா?" என்று கேட்டார்.

"உக்காந்தேன். எழுதினேன்."

வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம் வந்தது, அதற்கும் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். நவம்பரில் சான்றிதழ் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் சட்டம் போட்டு மாட்டிய இரண்டாவது காகிதம் அது. என்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். இரண்டில் எது பெரியது என்று யாராவது கேட்டால் நான் அளந்து சொல்லத் தயாராக இருக்கிறேன். அவளுடையது.

இப்போது அவள் போலோஞ்ஞாவுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் முறை வேலை பார்க்கிறாள். சிஞ்ஞோரா இனேஸும் அங்கேயே வந்துவிட்டாள், "இவ தொல்ல என்ன விடாது" என்று சொல்லிக்கொண்டு. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை சித்திக்கு நாலு நாள் சேர்ந்தாற்போலக் கிடைக்கிறது. அப்போது வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறாள். கொஸ்தாக்கே வாசலில் நின்று, தான் இல்லாவிட்டால் இந்தப் பெண் இன்னும் கிழவியைத் திருப்பிக்கொண்டிருப்பாள் என்று இறங்குகிற எல்லாருக்கும் சொல்கிறார். அவள் மறுப்பதில்லை. அவர் வேனில்தான் ஏறுகிறாள்.

சான்றிதழ் வாங்கி முதல் தடவை வந்தபோது நானும் கூட இருந்தேன். சமையலறைக்குள் நுழைந்ததும் நின்றாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி வெளுத்த வட்டம்.

"எங்க அது?"

"கழட்டிட்டேன்," என்றார் சித்தப்பா. "அலமாரியில இருக்கு. இனிமே அந்த வம்பே வேணாம்."

"எடுத்துட்டு வா."

எடுத்து வந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கடிகாரத்தைத் துடைத்து, போனைப் பார்த்து நேரம் வைத்தாள். இத்தாலி நேரம். மாட்டிவிட்டு இறங்கினாள்.

"இது இப்படியே இருக்கும். நான் வந்தாலும் மாத்த மாட்டேன், போனாலும் நீ மாத்த வேணாம். விமானத்துக்குப் போகணும்னா போனப் பாத்துக்குவோம்."

"சரி," என்றார்.

"நாற்காலி மேல ஏற வேண்டியதே இல்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார் சித்தப்பா. பிறகு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. அங்கே கிழவி தூங்குகிற நேரம், கூப்பிடலாம். வழக்கத்தில் அதைத்தான் நினைத்திருப்பார். குனிந்து பார்த்தால் அவள் அடுப்பண்டையில் நின்று களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.